மாணவர்கள் சொல்லும் அப்பாவை எனக்குத் தெரியவில்லை

கேள்வி:

என் அப்பா 33 ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து, எட்டு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். கடைசி நான்கு மாதம் படுக்கையில்தான். அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். "குடும்பத்தின் சார்பில் நீங்கள் நான்கு பக்கம் எழுத வேண்டும்" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தினமும் எழுத உட்காருகிறேன். "அன்பானவர், நேர்மையானவர், எளிமையானவர்" என்பதைத் தாண்டி ஒரு வரி நகரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவர்கள் பேசியதைக் கேட்டதிலிருந்தே மனசு சரியில்லை. வகுப்பில் அப்பா அடித்த ஜோக்குகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டில் அவர் ஜோக் அடித்து நான் பார்த்ததே இல்லை. ஒருவர் சொன்னார்: கணக்கு தப்பானால் சார் முழுசாக அடிக்க மாட்டாராம், எந்த வரி வரைக்கும் சரியோ அங்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு "இதுவரை சரி" என்று எழுதுவாராம். எட்டாம் வகுப்பில் நான் கணக்கில் 38 மதிப்பெண் வாங்கியபோது இதே அப்பா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் மேஜைமேல், ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில், ஒரே ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தார். அதைப் பற்றியும் எதுவும் பேசவில்லை. இன்னொரு மாணவர் "எனக்கு அவர்தான் அப்பா" என்று சொல்லி அழுதார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அது தப்பா?

அப்பாவின் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரக்கூடாது என்கிறான் அண்ணன். அம்மாவிடம் எதைக் கேட்டாலும், கல்யாணமான புதிதில் அப்பா மழையில் நனைந்தபடி வந்து நின்ற கதையையே சொல்கிறார். ஆறு வயது மகன், "தாத்தா இனிமேல் வரவே மாட்டாரா?" என்று கேட்கிறான். ராத்திரி வாசல் கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்பா படுப்பார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் குரல் மறந்துகொண்டே வருகிறது. வேலைக்குப் போகிறேன், தூங்குகிறேன், சிரிக்கவும் செய்கிறேன். ஆனால் திடீரென்று அழுகை வந்துவிடுகிறது. "எட்டு மாசம் ஆச்சு, விட்டுடு" என்கிறார்கள். விட்டுவிட வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

எரிச்சல் தப்பா என்ற கேள்வியைக் கடிதத்தின் நடுவில் சின்னதாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். தப்பில்லை. துக்க ஆலோசனைக்கு வரும் ஆசிரியர்களின் பிள்ளைகளிடம் இந்த எரிச்சலை அடிக்கடி பார்க்கிறேன். பலருக்கும் பொதுவாக வாழ்ந்த ஒருவர் இறந்ததும் யார் யாரோ வந்து உரிமையோடு அழுகிறார்கள். வீட்டுக்காரர்கள் ஓரமாக நின்று, "இவர்களுக்குக் கிடைத்ததில் பாதியாவது நமக்குக் கிடைத்ததா?" என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறார்கள். அப்புறம், இந்த நேரத்தில் இப்படி நினைத்தோமே என்று வெட்கப்படுகிறார்கள். வெட்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983-இல் 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை விரிவாக எழுதினார். விமானப் பணிப்பெண்களை வைத்துத்தான் அதை ஆராய்ந்தார். சம்பளத்துக்காக ஒரு முகபாவத்தை வரவழைத்து, உள்ளே என்ன இருந்தாலும் நாள் முழுக்க அதை இறக்கிவிடாமல் வைத்திருப்பதும் மூட்டை தூக்குவது மாதிரி உழைப்புதான் என்றார். ஆசிரியர் வேலைக்கு இது அப்படியே பொருந்தும். ஒரு பாடவேளையில் முப்பது நாற்பது முகங்களை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும்: யாருக்குப் புரிந்தது, யார் புரிந்த மாதிரி தலையாட்டுகிறான், யார் ஜன்னல் பக்கம் போய்விட்டான். ஒரு ஜோக் சொன்னால்தான் அந்த ஜன்னல்காரன் திரும்புவான். முதல் பாடவேளையில் எடுத்த அதே பாடத்தை ஐந்தாவது பாடவேளையிலும் புதிதாக எடுப்பதுபோல் எடுக்க வேண்டும், அதே ஜோக்கோடு. சாயங்காலம் வீட்டுக்கு வருபவரிடம் குரலும் இருக்காது, முகமும் இருக்காது. களைப்பை மறைக்கத் தேவையில்லாத இடம் அவருக்கு வீடு ஒன்றுதான். உங்கள் அப்பாவின் மௌனத்தில் பெரும்பங்கு இதுவாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த விளக்கத்தைக் கேட்டு நீங்கள் சமாதானமாகிவிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காரணம் புரிவது வேறு, கிடைக்காதது கிடைத்துவிடுவது வேறு. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்த இரண்டு நாள் இரண்டு நாளாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணிடம் போய் உணர்ச்சி உழைப்பைப் பற்றிப் பேச முடியாது. அவர் மாணவர்களுக்கு நல்ல ஆசிரியராக இருந்ததும், அதன் விலையில் ஒரு பகுதியை நீங்கள் கொடுத்ததும், இரண்டுமே நடந்தவை.

"எனக்கு அவர்தான் அப்பா" என்று அழுதவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருடைய வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. எழுத்தாளர் ஆல்பெர் காம்யு பிறந்தது 1913 நவம்பரில். அவருக்கு ஒரு வயது முடியும் முன்பே அவருடைய அப்பா முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். வறுமையான வீடு. லூயி ஜெர்மேன் என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்தான் அந்தப் பையனைத் தனியாக உட்காரவைத்து உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்தார், அவனை மேலே படிக்க அனுப்பும்படி வீட்டாரிடமும் பேசினார். 1957-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, தனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அம்மா, அடுத்து நீங்கள்தான் என்று காம்யு அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். பரிசு உரையை அச்சிட்டபோது அவருக்கே காணிக்கையாக்கினார். ஜெர்மேன் அந்தக் கடிதத்தைப் படிக்க உயிரோடு இருந்தார். உங்கள் அப்பாவின் அந்த மாணவர் கொஞ்சம் தாமதித்துவிட்டார், அவ்வளவுதான். இறந்தவரிடம் சொல்ல வேண்டியதை இறந்தவரின் மகள் முன்னால் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை அவர் உங்களிடமிருந்து எடுக்கவில்லை. அவர் வாழ்க்கையில் காலியாக இருந்த ஓர் இடத்துக்கு அவருக்குத் தெரிந்த பெயர் அது.

சரி, எழுத்துக்கு வருவோம்.

மாணவர்களுக்கு அத்தனை துல்லியமாக நினைவிருப்பதற்கும் உங்களுக்கு "அன்பானவர்" தவிர எதுவும் வராததற்கும் பாசத்தின் அளவு காரணமில்லை. நினைவு வேலை செய்யும் விதம் காரணம். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையின் முக்கிய நினைவுகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலிருந்தே அதிகம் சொல்வார்கள். உளவியலில் நன்றாக உறுதியான விஷயம் இது. உங்கள் அப்பா அவர்கள் வாழ்க்கையில் நுழைந்தது சரியாக அந்தப் பருவத்தில். அதுவும் ஒரே அறை, ஒரே பெஞ்சு, தினமும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, ஓரிரண்டு வருடம். அவர்களுக்குள் அவர் இன்னும் நாற்பது வயதுக்காரராகவே நிற்கிறார். நீங்களோ அவரை ஆயிரக்கணக்கான நாட்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரே மாதிரி நாட்கள் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அவற்றைத் தனித்தனியாக அடுக்கி வைப்பதில்லை, எல்லாவற்றையும் கலந்து ஒரு பொது வடிவமாக ஆக்கிவிடுகிறது. "அப்பா சாயங்காலம் வருவார், நாற்காலியில் உட்காருவார்" என்று நினைவிருக்கும். எந்தச் சாயங்காலம் என்று இருக்காது. அந்தப் பொது வடிவத்திலிருந்து எழுதினால் "எளிமையானவர்" என்றுதான் வரும். வேறு எதுவும் வர வழியில்லை.

இதோடு அந்தக் கடைசி நான்கு மாதம் வேறு. நீண்ட நோய்க்குப் பிறகு இறந்தவர்களை நினைத்தால் முதலில் வருவது படுக்கையும் மருந்து வாசனையும்தான். அதற்கு முந்தைய மனிதரை அவை மறைத்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு நாளாக ஆக அவை பின்னால் போய், பழைய முகம் திரும்பி வருகிறது. நினைவு என்பது கிடங்கிலிருந்து அப்படியே எடுத்துக்கொடுக்கும் சரக்கு இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதிவிட்டார். கட்டுவதற்குச் செங்கல் வேண்டும், அதைத் தேடித்தான் போக வேண்டும். வெள்ளைத் தாளின் முன்னால் உட்கார்ந்து "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று யோசித்தால் ஒரு செங்கலும் கிடைக்காது. ஒரு பொருளை, ஓர் இடத்தை, ஒரு குறிப்பிட்ட நேரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கிடைக்கும். அவருடைய மூக்குக் கண்ணாடி கழற்றி வைக்கப்படும் இடம் எது? போனில் பேச ஆரம்பிக்கும்போது முதல் வார்த்தை என்ன? பரீட்சைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும் மாதத்தில் வீடு எப்படி மாறும்? பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பார்? பணம் எண்ணும்போது உதடு அசையுமா? இதில் எதற்காவது பதில் எழுத ஆரம்பியுங்கள். பதில் நீளும்.

உண்மையில் நீங்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தை ஒருமுறை அச்செடுத்துப் படியுங்கள். தாழ்ப்பாளை இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பவர். பேச முடியாத இடத்தில் ஒரு கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போனவர். "நேர்மையானவர், எளிமையானவர்" என்று நான்கு பக்கம் எழுதினாலும் எனக்கு இவர் தெரிந்திருக்க மாட்டார். இப்போது தெரிகிறார். அந்தக் கூட்டத்துக்கு வந்த மாணவர்கள் யாருக்கும் இந்த இரண்டும் தெரியாது. அவர்கள் தொகுக்கும் மலரில் இருக்கும் ஓட்டை இதுதான், அதை அடைக்கத்தான் உங்களைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களை மாதிரி நீங்களும் புகழ வேண்டும் என்று கேட்கவில்லை. அப்படியே அவர்கள் கேட்டிருந்தாலும் நீங்கள் அதைச் செய்யத் தேவையில்லை.

அந்த 38 மதிப்பெண் விஷயத்தை எழுதுங்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். கட்டுரையின் நடுப்பகுதி அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கூட்டத்தில் கேட்ட "இதுவரை சரி"யை முதலில் சொல்லுங்கள். அதற்கு அடுத்த வரியிலேயே அந்த இரண்டு நாள் மௌனத்தைச் சொல்லுங்கள், பிறகு அந்த வினாத்தாளை. நடுவில் "ஆனால் அவர் மனசில் பாசம் இருந்தது" என்று எதையும் ஒட்டாதீர்கள். படிப்பவர்கள் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்கே இன்னும் முழுசாகப் புரியாத ஒன்றைப் புரிந்த மாதிரி எழுதினால் பொய்யாகிவிடும். அது என்ன கணக்கு, நீங்கள் அதைப் போட்டீர்களா, போட்டு எங்கே வைத்தீர்கள், அவர் திரும்ப வந்து பார்த்தாரா? கடிதத்தில் இது இல்லை. எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது, மாணவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுதும்போது குணப்பெயர்களை முதல் வரைவில் முழுக்கத் தடை செய்துவிடுங்கள். 'கண்டிப்பானவர்' என்று எழுதக் கை போனால், கடைசியாக யாரை, எப்போது, எதற்குக் கண்டித்தார் என்று எழுதுங்கள். நிகழ்ச்சி கிடைக்கவில்லையென்றால் அந்தக் குணத்தை விட்டுவிடுங்கள், அது வேறு யாருக்கோ எழுதிய வாழ்த்து மடலிலிருந்து வந்ததாக இருக்கும். பிறந்த ஆண்டு, படித்த படிப்பு, பணியாற்றிய பள்ளிகள், வாங்கிய விருது இவற்றையெல்லாம் தனியாக ஒரு பெட்டிக்குள் போடச் சொல்லி மலரைத் தொகுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தை அவை தின்னக்கூடாது.

அண்ணன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். இறந்த புதிதில் எல்லோரும் இறந்தவரைக் கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைக்கிறோம். துக்கத்தைத் தாங்க அதுவும் ஒரு வழி. அவருக்கு இப்போது அது தேவைப்படுகிறது போலிருக்கிறது. ஆனால் குறையே இல்லாதவராக எழுதப்பட்டவரை யாராலும் ஏக்கத்தோடு நினைக்க முடியாது, கும்பிட மட்டும்தான் முடியும். கோபத்தைப் பற்றி எழுதலாம், அளவோடு: எதற்குக் கோபம் வரும், எவ்வளவு நேரம் இருக்கும், எப்படி இறங்கும். தீர்ப்பு வேண்டாம். இதில் நான் பின்பற்றச் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். உங்களுக்கு நேர்ந்ததை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அம்மாவுக்கு நேர்ந்தது அம்மாவுடையது, அவர் சரி என்றால்தான் அது அச்சுக்குப் போகலாம். அண்ணனுக்கு நேர்ந்தது அண்ணனுடையது. அப்பாவின் கோபம் உங்களைவிட அண்ணன்மேல் அதிகம் விழுந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த வாக்கியத்தை அவர் ஏன் அத்தனை அழுத்தமாகச் சொன்னார் என்று, மலர் விஷயத்தைப் பேசாமல், ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்கள்.

அம்மா ஒரே கதையைச் சொல்வது பல வீடுகளில் நடப்பது. அவர் அதில் நின்றுகொண்டிருக்கிறார், அங்கே அவருக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. "இதை எத்தனை தடவை சொல்வீர்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள். வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: "அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கேட்பதைவிட, சுற்றியிருந்ததைக் கேட்பார்கள். அவர் கையில் என்ன இருந்தது? யார் கதவைத் திறந்தது? நனைந்த சட்டை என்ன நிறம்? முதலில் பேசியது யார்? அதே கதை பக்கவாட்டில் திறக்கும். அம்மா சம்மதித்தால் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்த அந்த இளைஞரைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அழுதால் நிறுத்திவிட்டுச் சும்மா பக்கத்தில் இருங்கள்.

குரல் மறப்பதைப் பற்றி. குரல் நிஜமாகவே மங்கும், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அதனால் இந்த வேலையை மலருக்கு முன்பே செய்துவிடுங்கள். அவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்திகள், குடும்ப வீடியோக்களில் பின்னணியில் கேட்கும் பேச்சு, பள்ளி விழாக்களில் யாராவது எடுத்த பதிவு, எல்லாவற்றையும் தேடுங்கள். அவருடைய போனும் எண்ணும் இன்னும் உயிரோடிருந்தால், எல்லாவற்றையும் வெளியே நகலெடுக்கும் வரை அந்த எண்ணை ரத்து செய்யாதீர்கள். பழைய கேசட் இருந்தால், பரணிலிருந்து எடுத்த ஏதோ ஒரு டேப் ரெக்கார்டரில் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். நாடா பழசாகியிருந்தால் அந்த முதல் ஓட்டத்திலேயே சிக்கி அறுந்துவிடலாம். டிஜிட்டலாக மாற்றித் தருபவரிடம் கொடுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அந்த அளவில், சுருக்கப்படாத கோப்பாகக் கேளுங்கள். இருமலையும் இரைச்சலையும் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள், அப்படியே செய்தாலும் மூலப் பதிவு தனியாக இருக்கட்டும். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. அதை உடனே கேட்டாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சிலர் பத்திரமாக வைத்துவிட்டு வருடக்கணக்கில் தொடாமல் இருக்கிறார்கள், அதுவும் சரிதான்.

"விட்டுடு" என்பவர்களுக்கு வருகிறேன். இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1917-இல் வெளியான ஒரு கட்டுரையில் சிக்மண்ட் ஃபிராய்டு, இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று எழுதினார். 1920-இல் அவருடைய மகள் சோஃபி இறந்தாள். ஒன்பது வருடம் கழித்து, தன் மகனைப் பறிகொடுத்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில் அதே ஃபிராய்டு, கடுமையான துக்கம் அடங்கிவிடும், ஆனால் அந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 1996-இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த ஆய்வுகள், இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது நோயல்ல, இயல்புதான் என்று காட்டின. இந்தத் துறையில் இருப்பவர்கள் இப்போது "விட்டுவிடு" என்று பொதுவாகச் சொல்வதில்லை. அதேபோல, யாராவது துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்களைச் சொல்லி நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. உங்களைப் போலப் பின்னால் இருப்பவர்களுக்கான கால அட்டவணை அல்ல அது.

வேலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன், திடீரென்று அழுகிறேன் என்கிறீர்களே, மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் விவரித்ததும் இதைத்தான்: மனம் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகும், கொஞ்ச நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம் வரும், மாறி மாறி. உங்கள் விஷயத்தில் அந்தப் போக்குவரத்து நன்றாகவே நடக்கிறது. நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று மருத்துவத்தில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது ஆறு மாதம், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் 2022 பதிப்பில் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று கால அளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் காலம் மட்டும் போதாது. ஏக்கம் அநேகமாக ஒவ்வொரு நாளும் ஆளை முடக்கிப் போடுவது, வேலையும் உறவுகளும் நின்றுபோவது, தானும் போய்விடலாம் என்று தோன்றுவது, இப்படிப்பட்டவை பல சேரும்போதுதான் அந்தப் பெயர். உங்கள் கடிதத்தில் அவை தெரியவில்லை. பின்னால் எப்போதாவது வந்தால், குறிப்பாகக் கடைசியாகச் சொன்னது வந்தால், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மகனிடம் நேராகச் சொல்லுங்கள்: வரமாட்டார், இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. தூங்குகிறார், பயணம் போயிருக்கிறார் என்று சொன்னால் தூக்கத்துக்கும் பயணத்துக்கும் பயப்பட ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு மரணம் திரும்பாதது என்பது பிடிபட்டுவிடும். அவன் திரும்பத் திரும்பக் கேட்பது அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். தாழ்ப்பாளைப் பற்றியும் அவனிடம் சொல்லலாம், பிள்ளைகளுக்கு அந்த மாதிரி விஷயம்தான் பிடிக்கும்.

கடைசியாக, மலரைத் தொகுக்கும் மாணவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள் வீட்டில் வகுப்பைப் பற்றிப் பேசாவிட்டாலும் வகுப்பில் வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். "என் பொண்ணு நேற்று ஒரு கேள்வி கேட்டாள்" என்று பாடத்தை ஆரம்பிக்கும் ஆசிரியர்களை எல்லாப் பள்ளியிலும் பார்க்கலாம். உங்கள் அப்பா அப்படிப் பேசினாரா என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். "சார் எங்களைப் பற்றி வகுப்பில் ஏதாவது சொன்னதுண்டா? சொன்ன வார்த்தை நினைவிருக்கிறதா?" என்று அவர்களுடைய குழுவில் ஒரு செய்தி போடுங்கள். "இதுவரை சரி" எழுதிய விடைத்தாளை யாராவது பத்திரப்படுத்தியிருந்தால் ஸ்கேன் செய்து அனுப்பவும் கேளுங்கள். பதில் ஒன்றும் வராமலும் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். ஏதாவது வந்தால் உங்கள் கட்டுரைக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்கு பக்கம் வராவிட்டால் ஒன்றரைப் பக்கம் கொடுங்கள். அச்சுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பாக அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், அண்ணனுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தேதி, பெயர் போன்ற தகவலில் பிழை இருந்தால் அவர் திருத்தட்டும். அவரைப் பற்றிய வரி ஏதாவது இருந்து, அது வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். மற்றபடி அவர் நினைவிலிருக்கும் அப்பாவைத் தனியாக ஒரு பக்கம் அவரே எழுதித் தரட்டும்.